ஒரே திசு, இரண்டு முடிவுகள்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பர் நம் பெரியோர். நுண்ணோக்கியின் வழியாகக் காண்பதற்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்பதை ஒரு நோயின் மூலம் நாம் அறியலாம்.

அழுதாலும் வராத கண்ணீர்

கிருமிகளை எதிர்க்க நம் உடலில் வெள்ளணுக்கள் காவற்படையாக உள்ளன. சிலருக்கு, வேலியே பயிரை மேய்ந்தாற்போல் இப்படை கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிறது. கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது. பல் சொத்தையாகும், மூட்டு வலியும் சோர்வும் சேரும். 1933-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 19 பெண்களை ஆராய்ந்து இதை விளக்கினார். அவர் பெயராலேயே இது ஷோக்ரன் நோய் எனப்படுகிறது. நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நம் தாய்மாரோ, “வெயில், வேலை” என்று பொறுத்துக்கொள்கிறார்கள்!

உதட்டில் ஒரு சோதனை

இரத்தப் பரிசோதனையில் தெளிவு கிடைக்காதபோது, கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சில சிறு சுரப்பிகளை எடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, திசு நோயியல் வல்லுநர் பார்க்கிறார். 50 அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளணுக்கள் நெருங்கியிருந்தால் அது ஒரு கூட்டம். 4 சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கூட்டங்கள் என்பதே மதிப்பெண். அது 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், 2016-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளின்படி 3 புள்ளிகள் கிடைக்கும். மொத்தம் 4 புள்ளிகள் இருந்தால் ஷோக்ரன் நோய் என வகைப்படுத்துவர்.

வேறுபாடு எங்கே?

8 சதுர மில்லிமீட்டர் திசுவில் ஒருவர் 2 கூட்டங்களை எண்ணினால் மதிப்பெண் 1. மற்றொருவர், “இவற்றுள் ஒன்று முதுமையாலோ சாதாரண அழற்சியாலோ வந்தது” என்று தள்ளிவிட்டால் மதிப்பெண் 0.5. ஒரு கூட்டத்தால் முடிவே மாறிவிடுகிறது! ஒரே கட்டுரைக்கு இரு ஆசிரியைகள் வெவ்வேறு மதிப்பெண் இடுவது போன்றதே இது. திசு போதாமையும், ஒரே ஆழத்தில் மட்டும் சீவிப் பார்ப்பதும், எண்ணாமலே “அழற்சி” என்று எழுதிவிடுவதும் பிற காரணங்கள். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 60 பேரின் திசுக்களை மறுபடி பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டோரின் முடிவு மாறியது.

இதில் இழப்பு யாருக்கு? நோய் உள்ளவரை “இல்லை” என்று அனுப்பினால் கண்ணும் பல்லும் கெடும். சிலருக்குப் பின்னாளில் நிணநீர்ப் புற்றும் வரலாம். இல்லாதவரை “உண்டு” என்றாலோ வீண் மருந்தும் கவலையும் மிஞ்சும்.

தீர விசாரிக்கும் வழி

2017-இல் ஐரோப்பிய வல்லுநர்கள் பொது வழிமுறை வகுத்தனர். குறைந்தது 4 சுரப்பிகள் எடுக்க வேண்டும். 8 சதுர மில்லிமீட்டர் பரப்பேனும் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை எண்ணாகவே எழுத வேண்டும். பொதுத் தேர்வு விடைத்தாளுக்கு விடைக்குறிப்பு இருப்பது போல!

மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கெடாது. ஆகவே ஐயம் எழுந்தால் மற்றொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். நம் சேதராப்பட்டுக்கு அருகே, கோரிமேட்டு ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கெனத் தனித் துறையே உள்ளது.

அன்னையரே, உலர்ந்த கண்ணையும் வாயையும் அலட்சியம் செய்யாதீர்கள். தோழியரே, நாளை நம்மில் சிலர் நுண்ணோக்கியின் முன் அமரலாம். அந்தக் கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்பதை நினைத்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்போமாக!