சொசியெத்தே தே பேன் தெ மேர்

சொசியெத்தே தே பேன் தெ மேர் (பொருள்: கடற்குளியல் கழகம்) என்பது மொனாக்கோவில் மொண்டே கார்லோ சூதாட்ட மாளிகையை நடத்தும் நிறுவனம் ஆகும். பிரான்சுவா பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1863 இல் இதனைத் தொடங்கினார். பெயரில் சூதாட்டம் பற்றிய குறிப்பே இல்லை.

வரலாறு

மொனாக்கோவின் நிலப்பரப்பில் பெரும்பகுதியாக இருந்த மென்டோன், ரொக்புருன் ஆகிய ஊர்கள் 1848 இல் பிரிந்து, 1861 இல் பிரான்சுக்குக் கையளிக்கப்பட்டன. அவற்றின் எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் வரிகளை இழந்து நலிந்த இளவரசர் மூன்றாம் சார்லசு, செருமனியின் ஓம்பர்க்கில் சூதாட்ட மாளிகை நடத்திவந்த பிளாங்க்குக்கு 50 ஆண்டு உரிமம் வழங்கினார். அக்காலத்தில் பிரான்சில் சூதாட்ட மாளிகைகளுக்குத் தடை இருந்தது. 1868 இல் தொடருந்துப் பாதை மொனாக்கோவை எட்டியதும் வருவாய் பெருகியது. 1869 இல் குடிமக்களின் வருமான வரி நீக்கப்பட்டது. ஆயினும் அக்குடிமக்கள் அங்கு சூதாடக் கூடாது; இத்தடை இன்றும் உண்டு.

வருவாய்க்குச் சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ரூலெட் சில்லில் சுழியம் உட்பட 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணில் வென்றவர் பெறும் ஆதாயமோ 35 மடங்கே. எனவே நெடுங்கால அளவில் பந்தயப் பணத்தில் ஏறத்தாழ 2.7% நிறுவனத்தையே சேரும்.

உடைமை

1950களில் கிரேக்கக் கப்பல் அதிபர் அரிசுட்டாட்டில் ஒனாசிசு நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார். நாட்டின் போக்கைத் தீர்மானிப்பது அரசா, பங்குதாரரா என்ற பிணக்கு எழுந்தது. 1966 இல் இளவரசர் மூன்றாம் ரெய்னியர் 6,00,000 புதிய பங்குகளை உருவாக்கி அரசுக்கு உரியதாக்கினார். ஒனாசிசு 1967 இல் தம் பங்குகளை விற்று விலகினார். நிறுவனம் 2009 இல் பெட்கிளிக் என்ற இணையப் பந்தய நிறுவனத்திலும் முதலீடு செய்தது.