பாட்டி முகம் பாட்டி மாதிரியே இருக்கட்டும்!

வீட்டில் வயதானவர்கள் இருக்கும் சகோதரிகள் அவசியம் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அருப்புக்கோட்டையில் குடியிருக்கும் இல்லத்தரசி. பத்தாவது வரை படித்தவள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் நடந்துவிட்டால், அழுகைக்கு நடுவே முதலில் தேடுவது போட்டோவைத்தான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டுமே! பீரோவைக் குடைந்து ஆதார் அட்டையையோ, ஓட்டர் அட்டையையோ எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தபால்தலை அளவுப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? கண் மிரண்டு, முகம் இருண்டு போயிருக்கும். இல்லாவிட்டால் கல்யாண குரூப் போட்டோவில் இருந்து தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டித் தருவார்கள். காலமெல்லாம் குடும்பத்துக்கு உழைத்தவளுக்கு, கடைசியில் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான்.

என் அம்மாச்சிக்கு அதுகூட இல்லை. "போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும்" என்று கடைசிவரை முகம் காட்டாமலே போய்விட்டார். பாம்படம் ஆடும் காதும், வெற்றிலைச் சிவப்பு உதடும் என் ஞாபகத்தில் இருக்கின்றன. என் பிள்ளைகளுக்கு நான் எதைக் காட்டுவேன்?

இப்போதுதான் வீட்டுக்கு வீடு கேமரா போன் வந்துவிட்டதே! என் நாத்தனார் மகன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவன். நல்ல படம் வர விலை கூடிய போன் வாங்கணுமா என்று அவனிடம் கேட்டேன். "போனை மாத்த வேணாம் அத்தை, ஆளை உக்கார வைக்கிற இடத்தை மாத்துங்க" என்றான். அவன் சொன்னதையும், நானே செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

முதலில் போன் லென்சை மெத்தென்ற பருத்தித் துணியால் துடையுங்கள். அடுப்படிக் கை பட்டுப் பட்டு எண்ணெய் ஒட்டியிருக்கும். பாதிப் படம் மங்கலாக வருவது அதனால்தான்.

அடுத்தது வெளிச்சம். எங்கள் கரிசல்காட்டு உச்சி வெயிலில் நிறுத்தினால் கண் சுருங்கும், கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் கட்டும். சரி, நிழலுக்குப் போகலாம் என்று சீமைக்கருவேல மரத்தடியில் உட்கார வைத்தால், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெயில் விழும். இரண்டும் வேண்டாம். வாசல்படிக்கு உள்ளே இரண்டு அடி தள்ளி ஒரு நாற்காலி போடுங்கள். பாட்டி வாசலைப் பார்த்து, லேசாக ஒருபக்கம் திரும்பி உட்காரட்டும். நீங்கள் வெளியே நின்று எடுங்கள். முற்றத்து வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் படியும். பின்னால் வீட்டின் உள்பக்கம் இருட்டாக இருப்பதால் கொடியில் கிடக்கும் துணிமணி எதுவும் தெரியாது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் நிறம் மாறிவிடும். போன் பிளாஷும் வேண்டாம்.

முகத்துக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோகாதீர்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். ஐந்து அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பாட்டி உட்கார்ந்திருந்தால் நீங்களும் குனிந்து, போனை அவர் கண் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். திரையில் அவர் கண்மேல் ஒருதரம் தொட்டால் கண் தெளிவாக விழும். "சிரிங்க, சிரிங்க" என்று சொன்னால் முகம் விறைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துப் பருத்தி எடுப்பைப் பற்றிக் கேளுங்கள். பேசி முடித்து மூச்சு விடுகிற நேரத்தில் எடுங்கள். ஒன்றோடு விடாமல் பத்து, இருபது எடுத்து, நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். படத்தைத் திருத்துகிறேன் என்று முகத்தையே மாற்றிவிடுகிறார்கள். திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் கணவரின் அப்பத்தாவை எடுத்து, ஒரு கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தோம். சுருக்கத்தை எல்லாம் வழித்து, வெள்ளை வெளேர் என்று ஆக்கித் தந்துவிட்டார்கள். அப்பத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருத்தா இவ? எந்த ஊருக்காரி?" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சங்கடமாகிவிட்டது. எண்பது வருஷம் வெயிலில் நின்ற முகம் அது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கை வைக்காத படத்தைக் கொடுத்துத் திரும்பப் போட்டு வாங்கினோம்.

இந்த வெளுப்பாசை இன்று வந்ததல்ல. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தீட்டிச் சுருக்கத்தை மறைப்பார்கள். கலர் பிலிம் வந்தபோது, கோடாக் கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டையை அனுப்பி, அதை வைத்தே நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. கறுத்த முகங்கள் சரியாக விழாததற்கு அதுவும் ஒரு காரணம். 1990களில்தான் பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டை வந்தது. 2021ல் கூகுள் கம்பெனி, கறுத்த நிறம் உள்ளபடியே விழ வேண்டும் என்று தன் பிக்சல் 6 போனில் தனி ஏற்பாடு செய்தது. அதனால் உங்கள் போனில் பியூட்டி என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஓரத்தை வெட்டிச் சீராக்குவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது, இதுபோதும். அசல் படத்தை அழிக்காமல் தனியே வைத்திருங்கள்.

திருச்சுழியில் 1879ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் படங்களில் மிகவும் பிரபலமானது 1946ல் ஜி.ஜி. வெல்லிங் என்பவர் எடுத்த மார்பளவுப் படம். நரைத்த தாடியோடு வயதான முகம்தான். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முகத்துக்கு அழகு தருவது வெளுப்பல்ல என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாக ஒன்று. படம் போனிலேயே கிடந்தால், போன் கெட்ட அன்றைக்குப் படமும் போய்விடும். ஒரு பிரிண்டாவது போட்டு வையுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். டாக்குமெண்ட் என்ற பகுதி வழியாக அனுப்பினால் முழுசாகப் போகும்.

எதற்கு எடுக்கிறோம் என்று பெரியவர்களிடம் சொல்லி மனசைச் சங்கடப்படுத்த வேண்டாம். "பேரனோட ஒரு படம் எடுத்துக்கங்க" என்று சொன்னால் ஆசையாக உட்காருவார்கள். பிறகு தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பணச் செலவு இல்லை, அரைமணி நேரம் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை.