ஆணியைக் காப்பாற்றிய காகிதம்!

1761-ல் பிரிட்டனின் 'அலார்ம்' போர்க்கப்பலுக்கு அடியில் செப்புத் தகடு பொருத்தி, இரும்பு ஆணி அடித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பல ஆணிகள் அரித்துப்போய்விட்டன. ஆனால், தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் இடையில் இருந்த இடங்களில் ஆணி அப்படியே இருந்தது!

காரணம்? இரு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்க, உப்புநீரும் சேர்ந்தால், அது பேட்டரிபோல வேலை செய்யும். ஒன்று கரையும்.

இன்று பல படகுகளில் பாய்மரம் அலுமினியம். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கரைவது அலுமினியம்தான். ஸ்க்ரூவைச் சுற்றி பெயின்ட் உப்பி, வெள்ளைத்தூள் தெரிந்தால் உஷார்! அலட்சியமாக விட்டால் பிடிமானம் தளர்ந்து, பலத்த காற்றில் பாய்மரமே சாயலாம்.

தீர்வு, அந்தக் காகிதம் செய்த வேலைதான். ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்து, அரிப்புத் தடுப்புப் பசை தடவி, நைலான் வாஷர் வைத்துப் பொருத்துங்கள். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.