இன்ஜின் நின்றால் இன்சூரன்ஸ் வருமா?

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கழியைத் தாண்டினால் கோவளம். அங்கிருந்து மாமல்லபுரம் வரை ஃபைபர் படகுக்காரர்களுக்கு இன்ஜின் நின்றால் பிழைப்பும் நின்றது. படகுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கை அப்போது பொய்த்துப் போகலாம்.

காரணம், கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963. பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, தேய்மானத்துக்கும் கடல் அபாயத்தால் நேராத இயந்திரச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்கிறது பிரிவு 55. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட புயலில் படகு மோதி இன்ஜின் நொறுங்கினால் அது கடல் செய்த சேதம். ஆயில் வற்றி பிஸ்டன் இறுகிப்போனால் அதைக் கடலின் கணக்கில் எழுத முடியாது.

இந்தத் தகராறு பழையது. ‘இஞ்ச்மாரி’ என்ற நீராவிக் கப்பலில் வால்வு அடைத்திருந்ததால் பம்ப் வெடித்தது. இது தரையிலும் நடக்கக்கூடியதுதான், கடல் அபாயம் ஆகாது என்று 1887இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன்பிறகே ஷாஃப்ட் முறிவு, கண்ணுக்குத் தெரியாத உள்குறை, பணியாளரின் கவனக்குறைவு ஆகியவற்றால் வரும் சேதத்தையும் ஏற்கும் ‘இஞ்ச்மாரி விதி’ பிறந்தது. அந்த விதி உங்கள் பாலிசியில் இருக்கிறதா, அல்லது ‘முழு இழப்புக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பணம் வாங்கும்போதே மீனவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது ஏஜென்டின் கடமை. அதில் சலுகை கூடாது.

இன்ஜின் நின்று, படகு அலையில் அடித்துப்போய்ப் பாறையில் உடைந்தால்? உடைத்தது கடல் என்பதால் படகுக்கு இழப்பீடு கேட்க வழியுண்டு. ஆனால், இன்ஜின் கோளாறு தெரிந்தே உரிமையாளர் படகை அனுப்பியிருந்தால், அதனால் விளைந்த இழப்பை நிறுவனம் மறுக்கப் பிரிவு 41 இடம் தருகிறது. சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் 5 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு மீனவரின் உயிருக்கும் உடலுக்கும் உரியது. படகுக்கு அது உதவாது.

நடுக்கடலில் இன்ஜின் நின்றால் முதலில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள். கரை சேர்ந்ததும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. உடைந்த பாகத்தையும் காயலான் கடைக்குப் போடக் கூடாது. மறுப்பு வந்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.