ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு ‘விஜயா’ எண்ணெய்: சட்டம் விட்ட வழி, ஆய்வு சொல்லும் கணக்கு

“ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினாலும், காலையில எந்திரிக்கும்போது உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்குதுங்க டாக்டர்.”

கோவை அவினாசி சாலையின் பெரிய மருத்துவமனையானாலும் சரி, கோபிச்செட்டிபாளையத்தில் உள்ள சின்ன கிளினிக்கானாலும் சரி, இந்த வாக்கியத்தைக் கேட்காத மருத்துவர் இருக்க மாட்டார். பெரும்பாலும் சொல்பவர் ஒரு பெண். கழுத்து, தோள், இடுப்பு, தொடை என வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சில சமயம் எம்ஆர்ஐ வரை போகும். எல்லாமே நார்மல். “ஒண்ணுமில்லைங்கம்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க” என்று பதில் வரும். வீட்டிலோ, “ரிப்போர்ட்டுல ஒண்ணுமே இல்லையாமா, அப்புறம் என்ன வலி?” என்ற பேச்சு தொடங்கிவிடும்.

இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் உடல் முழுதான வலி, தூங்கியும் தீராத அசதி, ஞாபகம் மங்குதல் எல்லாம் சேர்ந்ததற்குத்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். உலக அளவில் நூற்றில் சுமார் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. தசையிலோ மூட்டிலோ சேதம் இருக்காது. வலியைக் கடத்துகிற, அளக்கிற நரம்பு மண்டலத்தின் ‘வால்யூம்’ கூடிப்போய் நிற்பதுதான் பிரச்சினை. வலி முழுக்க நிஜம். அதைக் காட்டும் ஸ்கேன்தான் இல்லை.

வருடக்கணக்கில் அலைந்தவர் ஒருநாள் செல்போனில் இந்தப் பெயரைத் தேடுகிறார். அடுத்த நாளிலிருந்து விளம்பரம் வரத் தொடங்குகிறது. ‘விஜயா இலைச் சாறு’, ‘ஆயுர்வேத வலி நிவாரணம்’, ‘நூறு சதவீதம் சட்டப்பூர்வம்’. கஞ்சா என்ற சொல் அதில் அநேகமாக இருக்காது. ஆனால் விஜயா என்பது கஞ்சாச் செடிக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர்களில் ஒன்று. நம்மூர் சித்த மருத்துவத்தில் அதையே கோரக்கர் மூலி என்பார்கள்.

கஞ்சாப் பொட்டலத்துடன் சிக்கிய இளைஞர்களின் படம் வாரம் தவறாமல் செய்தியாகிற கோவையில், அதே செடியின் எண்ணெய் கூரியரில் எப்படி வருகிறது?

இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

பதில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் ஒரு வரையறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘கஞ்சா’ என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. ‘சரஸ்’ என்றால் செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின். நுனி சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வட இந்தியாவில் ஹோலிக்கு பாங்கு குடிப்பதும், இலையிலிருந்து ஆயுர்வேத மருந்து தயாரிப்பதும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

மருந்து தயாரிக்க மாநில அரசின் ஆயுர்வேத மருந்து உரிமம் வேண்டும். மருந்து மற்றும் அழகுசாதனச் சட்ட விதிகளின் இ(1) பட்டியலில், நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள்களில் ஒன்றாகக் கஞ்சாச் செடி இடம்பெற்றிருக்கிறது. விதைக்கு மட்டும் விலக்கு. அதனால் ‘மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு பாட்டில் வாங்கிக் கொடுப்பவர்கள், இந்த ஒரு வரியையாவது படித்துச் சொல்லிவிட வேண்டும்.

பல தளங்களில் வீடியோ காலிலேயே ஆலோசனையும் மருந்துச் சீட்டும் கிடைத்துவிடுகின்றன. ஆக, உரிமம் பெற்ற மருந்து, லேபிள், சீட்டு, பில் எல்லாம் இருந்தால் அது ஆயுர்வேத மருந்து.

இந்த வட்டத்தை விட்டு ஓரடி வெளியே வைத்தாலும் கதை மாறிவிடும். “வலிக்குத்தான் வச்சிருந்தேன்” என்பது பூங்கஞ்சாவுக்குச் சட்டத்தில் ஒரு தற்காப்பு ஆகாது. ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குள் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை. எண்ணெய் விஷயத்தில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பிசினிலிருந்து அடர்த்தியாக்கிய ‘ஹஷீஷ் எண்ணெய்’ சட்டத்தின் பார்வையில் சரஸ். அதற்குச் சிறிய அளவின் உச்சவரம்பு 100 கிராம்தான். வெளிநாட்டில் பூவிலிருந்து எடுத்து விற்கும் எண்ணெயை ‘மெடிக்கல்தானே’ என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால், இறங்கும் இடத்தில் அது போதைப்பொருள் இறக்குமதி வழக்கு. தாய்லாந்து 2022இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, 2025இல் மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதெல்லாம் அந்த ஊர் எல்லையோடு முடிந்தது. கோவையிலிருந்து நேரடி விமானம் உள்ள சிங்கப்பூரும் ஷார்ஜாவும் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பல மடங்கு கறார்.

இலை என்றால் பயமில்லை என்று நினைத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘போதை தரும் மருந்து’ என்ற சொல்லுக்குள் கஞ்சா இலையும் பாங்கும் அடக்கம். வாரணாசி போய் வந்த நண்பர் கொடுத்த பாங்குப் பொடிக்கும், உரிமம் பெற்ற மருந்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மிகப் பெரியது.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிக ஆபத்தான போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கும் தீர்மானம் 27க்கு 25 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ‘இந்தியாவில் கஞ்சா லீகல் ஆயிடுச்சு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியின் வேர் பெரும்பாலும் இதுதான். உள்நாட்டுச் சட்டத்தில் அந்த வாக்கால் ஒரு வரிகூட மாறவில்லை.

சரி, வலி குறையுமா?

நம்பிக்கைக்கு அறிவியல் காரணம் உண்டு. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி என்ற வேதிப்பொருளை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் 1964இல் பிரித்தெடுத்தார். நம் உடலே அதைப் போன்ற ஒன்றைச் சுரக்கிறது என்பதை அவருடைய குழு 1992இல் கண்டறிந்தது. ‘ஆனந்த’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அதற்கு ‘அனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். வலி, தூக்கம், பதற்றம் மூன்றிலும் இந்த அமைப்புக்குப் பங்கு இருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா குலைப்பதும் அதே மூன்றைத்தான். எனவே யோசனை சரியாகப் பொருந்துகிறது. யோசனை பொருந்துவது வேறு, நோயாளிக்கு நல்லாவது வேறு.

இஸ்ரேலில் 2014 முதல் சில ஆண்டுகள் மருத்துவக் கஞ்சா எடுத்த 367 ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளைக் கவனித்து, 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பதில் சொன்னவர்களின் வலி மதிப்பெண், பத்துக்கு ஒன்பது என்ற இடத்திலிருந்து ஐந்துக்கு இறங்கியிருந்தது. விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லை. பலன் தெரியாமல் பாதியில் விட்டவர்களின் பதிலும் முழுதாகக் கணக்கில் வராது.

ஒப்பீடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அதே 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. 20 பெண்கள், வெவ்வேறு நாள்களில் மூன்று வகைக் கஞ்சாவையும், மருந்துச் சரக்கு நீக்கிய போலிக் கஞ்சாவையும் ஆவியாக இழுத்தார்கள். எது எந்த நாளில் என்று அவர்களுக்குத் தெரியாது. போலியை இழுத்தபோதே பாதிப் பேர் அளவுக்கு வலி கணிசமாகக் குறைந்தது. சராசரி வலி மதிப்பெண்ணில் எந்த வகையும் போலியைத் தெளிவாக முந்தவில்லை. டிஎச்சியும் சிபிடியும் கலந்த ஒரு வகை மட்டும், 30 சதவீத வலிக்குறைவு கண்டவர்களின் எண்ணிக்கையில் கூடுதலாக நின்றது.

நம்பிக்கை தரும் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பிரேசிலில் 17 பெண்களுக்கு எட்டு வாரம் நடந்த சோதனை 2020இல் வெளியானது. டிஎச்சி கூடிய எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் எடுத்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம், போலி எண்ணெய் எடுத்தவர்களைவிட நன்றாக உயர்ந்தது. பதினேழே பேர்தான். அதற்கு முன் 2016இல், செயற்கைக் கஞ்சா மருந்தான நாபிலோனை வைத்து நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்புக்குத் தேறியவை இரண்டு. மொத்த நோயாளிகள் 72. நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இலும், வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2021இலும், நாள்பட்ட வலிக்குக் கஞ்சா மருந்துகளைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது என்றே சொல்லின. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் சிபிடி மருந்துக்கு அனுமதி கொடுத்தது அரிதான வலிப்பு நோய்களுக்காக. வலிப்பு, வலி இரண்டும் விளம்பரத்தில் எளிதாகக் கலந்துவிடும்.

நம்மிடம் கூரியரில் வருவது இந்த ஆய்வுகளில் கொடுத்த சரக்கும் அல்ல. அங்கே பூ, அளந்த டிஎச்சி, இங்கே இலைச்சாறு. ‘இலைன்னா போதை இருக்காது’ என்பதும் அரைகுறை உண்மைதான். இலையில் டிஎச்சி குறைவு, ஆனால் சாறாக அடர்த்தியாக்கும்போது கூடும். வேலையில் சேரும்போது நடக்கும் சிறுநீர்ச் சோதனை, அது இலையா பூவா என்று பார்க்காது.

கோவை ஏற்கெனவே செய்து காட்டியது

‘ஆயுர்வேதத்தை எல்லாம் இங்கிலீஷ் மருந்து மாதிரி டெஸ்ட் பண்ண முடியாது, ஒவ்வொரு உடம்புக்கும் மருந்து வேறல்ல’ என்ற வாதம் அடிக்கடி வரும். அதற்குப் பதில் கோவையிலேயே இருக்கிறது.

இங்குள்ள ஏவிடி இன்ஸ்டிடியூட் ஃபார் அட்வான்ஸ்டு ரிசர்ச், அமெரிக்க மருத்துவர் டேனியல் ஃபர்ஸ்ட் குழுவுடன் சேர்ந்து நடத்திய சோதனை 2011இல் மருத்துவ இதழில் வெளியானது. செலவுக்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் நிதி கொடுத்தது. நோய், முடக்குவாதம். ஃபைப்ரோமயால்ஜியா அல்ல, மருந்திலும் கஞ்சாவுக்கு வேலை இல்லை. கவனிக்க வேண்டியது செய்த விதத்தை. 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட், ஒரு குழுவுக்கு இரண்டும். ஆளுக்கேற்ப மருந்தை மாற்றும் உரிமை ஆயுர்வேத மருத்துவருக்கு அப்படியே இருந்தது. ஆனால் கைக்கு வருவது அசலா போலியா என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 36 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன.

சின்ன ஆய்வுதான், முன்னோட்டம்தான். என்றாலும், விஜயா எண்ணெய் விற்கும் நிறுவனங்களிடம் இந்த ஊர் வாசகர் ஒருவர் “இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் காட்டுங்க” என்று கேட்பதில் தப்பே இல்லை.

வாங்கும் முன்

ஏற்கெனவே ஆதாரம் உள்ள சிகிச்சைகள் எவை? ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் சங்கம் 2016இல் எல்லா வழிகளையும் எடைபோட்டு ‘வலுவான பரிந்துரை’ என்று முத்திரை குத்தியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: உடற்பயிற்சி. ‘நடக்கவே முடியலைங்கறேன், வாக்கிங் போகச் சொல்றீங்களே’ என்று கோபம் வரும், நியாயமான கோபம். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறார்கள். ரேஸ்கோர்ஸை முதல் நாளே முழுச் சுற்று சுற்றிவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவது இதில் சேராது. ப்ரீகாபலின், டூலாக்செட்டின், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கைகொடுக்கும். அவையும் அற்புதம் செய்வதில்லை. ப்ரீகாபலினால் போலி மாத்திரையைவிடக் கூடுதலாக நல்ல பலன் பெறுபவர் சுமார் பத்தில் ஒருவர். கஞ்சா எண்ணெயின் பக்கம் மனசு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி, பி12 குறைபாடுகளைப் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதையெல்லாம் தாண்டியும் விஜயா மருந்தை முயலத்தான் போகிறீர்கள் என்றால், லேபிளில் உரிம எண்ணையும் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்பதையும் தேடுங்கள். டிஎச்சி அளவு போடாத பாட்டிலை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ப்ரீகாபலினோடு சேர்ந்தால் மயக்கமும் தூக்கமும் கூடும். டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு அது விளையாட்டல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு சிபிடி அதன் அளவை ஏற்றிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள் தவிர்க்க வேண்டும். எண்ணெய் வந்துவிட்டதே என்று பழைய மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் தொந்தரவு வரும். டூலாக்செட்டினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரசுத் தரப்பில் நகர்வுகள் வடக்கேதான். உத்தராகண்ட் 2018இலேயே தொழில்துறைக்கான சணல் வகைக் கஞ்சா சாகுபடிக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. இமாச்சலப் பிரதேச அரசு 2025 ஜனவரியில் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. ஜம்முவில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம், கனடா நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து கஞ்சாவை வளர்த்து மருந்து ஆராய்ச்சி செய்கிறது. அந்தத் திட்டம் பற்றி 2023இல் வந்த அறிவிப்பில் குறிப்பிடப்பட்ட நோய்கள் நரம்பு வலி, புற்றுநோய், வலிப்பு போன்றவை. ஃபைப்ரோமயால்ஜியாவின் பெயர் அதில் இல்லை.