சோழவரத்தில் ஓடிய குர்லா கார்

கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யானைச் சுற்றி நிற்கும் டாக்சிகளில் இப்போது ஒரு முகத்தை மட்டும் காணோம். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரைச் சுமந்த பிரீமியர் பத்மினிதான் அது. நம்மவர்கள் வாயில் அது கடைசி வரை ‘பியட்’. 2003 அக்டோபர் 29-ந் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானதுதான் அந்த இனத்தின் கடைசி டாக்சி. டாக்சிக்கு இங்கே இருபது வருஷம்தான் ஆயுசு. 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு அதற்கும் கணக்கு முடிந்தது.

ஊருக்குப் போகும் நாளில் டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் கூரைமேல் கட்டி, பின் சீட்டில் ஐந்து பேரை அடைத்துக்கொண்டு, மதராஸ் ரயிலைப் பிடிக்க மாதுங்காவிலிருந்து தாதருக்கு முனகிக்கொண்டே போன வண்டி அது. அந்த வண்டி ரேஸ் ஓடியது என்று சொன்னால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் ஓடியது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பல வருஷங்கள் ஓடியது. ஓடிய இடம் நம் மதராசுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி உள்ள சோழவரம்.

யுத்த கால விமானத் தளம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம் அது. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு கான்கிரீட் மட்டும் மிஞ்சியது. 1953-ல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தைப் பந்தயத்துக்குப் பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் அங்கே நடந்த அகில இந்தியப் பந்தயத்துக்கு கல்கத்தா, பெங்களூர், கோயமுத்தூர், பம்பாய் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம் கத்தும். கார் ஓட்டத்துக்குத் தலையை எண்ணிப் பந்தயம் கட்டுவார்கள்.

பம்பாயிலிருந்து மதராஸ் ரயில் பாதையில் சுமார் 1,280 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைத் தம் காரிலேயே ஓட்டி வந்து, பம்பரைக் கழற்றி வைத்து, கதவில் நம்பர் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டிவிட்டு, மறுபடி பம்பரை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. திங்கட்கிழமை ஆபீசுக்கும் அதே கார்தான். என்ஜின் வெடித்தால் பந்தயம் மட்டும் போகாது, வீடு திரும்பும் வழியும் போய்விடும். அந்த நாளில் இன்னொரு கார் வாங்க வேண்டுமென்றால் பணம் கட்டிப் பெயர் பதிந்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும் கால் இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் மிதித்திருக்கும்.

மிலேசெந்தோவின் வம்சம்

பத்மினியின் ஜாதகத்தைப் பார்த்தால் அது பந்தயக் குடும்பம்தான். 1953-ல் இத்தாலியில் பியட் கம்பெனி வெளியிட்ட 1100-க்கு ‘மிலேசெந்தோ’ என்று பெயர். அதன் வேகமான பதிப்பு இத்தாலியச் சாலைப் பந்தயங்களில் ஓடிப் பேர் வாங்கியது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா ஆக்ரா ரோடு தொழிற்சாலையில் முதலில் அமெரிக்க டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டியது. பிறகு பியட்டோடு ஒப்பந்தம் செய்தது. 1964-ல் 1100 டிலைட் வந்தது. அதுவே பிறகு பிரெசிடென்ட் ஆகி, 1974-ல் சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, பானெட்டுக்குக் கீழே பெரிதாக எதுவும் மாறவில்லை. இத்தாலியில் இதே மாடல் 1966-லேயே முடிந்துவிட்டது. குர்லாவில் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

என்ஜின் 1,089 சி.சி., சுமார் 40 குதிரைச் சக்தி. வண்டி எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பின்னால் பட்டை ஸ்பிரிங். கியர் ஸ்டீயரிங் தண்டில் கைப்பிடியாக இருக்கும். இதை வைத்துக்கொண்டு ரேஸ் ஓட்ட வேண்டும்.

பட்டறை வேலை

வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி செய்ய லைசென்ஸ் கிடைக்காது. கிடைத்தாலும் வரி தாங்காது. ஆகவே நம்மூர் லேத் பட்டறைதான் கதி. சிலிண்டர் ஹெட்டை மெல்லிசாகச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். காற்றும் பெட்ரோலும் போகும் துவாரங்களை அரம் போட்டு அகலப்படுத்தி, கண்ணாடி மாதிரி தேய்ப்பார்கள். ஒரு கார்ப்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஏறும். சைலன்சர் போய் வெறும் குழாய் வரும். ஸ்பிரிங் பட்டையில் ஒன்றிரண்டை உருவி வண்டியைத் தாழ்த்துவார்கள். பின் சீட், தரை விரிப்பு, கதவுத் துணி எல்லாம் வெளியே போகும். கை கியரை அறுத்துத் தரை கியராக மாற்றுவதுதான் பெரிய வேலை. வளைவில் அவசரமாக இரண்டாவது கியருக்கு இறங்கும்போது அந்த நீளமான கம்பியும் மூட்டுகளும் ஒத்துழைக்காது என்பது நம் டாக்சிக்காரர்களுக்கும் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு அன்றைய பெட்ரோல் ஒரு முட்டுக்கட்டை. ஹெட்டை அதிகம் சீவினால், தரம் குறைந்த அந்த பெட்ரோலில் என்ஜின் ‘டக் டக்’கென்று தட்டும். அதையும் மீறி மிதித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். சீவுவதில் எங்கே நிறுத்துவது என்று அறிந்தவனே நல்ல மெக்கானிக். பிரேக் இன்னொரு தலைவலி. விமான ஓடுதளத்தின் நீளமான நேர்ப்பாதையில் வண்டி முழு வேகம் பிடித்து, அதன் கோடியில் திடீரென்று வளைய வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் டிரம் சூடேறிவிடும். பிறகு பெடல் பலகை போல் இறங்கும், வண்டி நிற்காது. சாமர்த்தியசாலிகள் கியரைக் குறைத்துத்தான் வண்டியை அடக்கினார்கள்.

உள்நாட்டு வண்டிகளுக்குள் நடந்த ஓட்டங்களில் பியட் தலைகுனியவில்லை. 1,489 சி.சி. அம்பாசிடருக்கு என்ஜின் பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது. மதராசிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 948 சி.சி.தான், எடை குறைவு, சிறு வட்டத்தில் திரும்பும், ஆனால் வேகமான வளைவில் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கிப் பயமுறுத்தும். இந்த மூன்றுக்குள் அடித்துக்கொண்டால் பார்க்க ருசியாக இருக்கும். வெளிநாட்டு வண்டி ஒன்று களத்தில் இறங்கிவிட்டால் கதை வேறு. மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் அசல் ரேஸ் கார்களையே கொண்டுவந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய பார்முலா ஒன் ‘என்சைன்’ காரையே சோழவரத்தில் ஓட்டினார். அதே கான்கிரீட்டில் குர்லா காரும் ஓடியது. இதை ஏற்றத்தாழ்வு என்று சொல்லிக் கோபப்படுவதா, கோலாகலம் என்று ரசிப்பதா என்பது அவரவர் மனசு.

எண்ணூறு வந்தது

பத்மினிக்கு உண்மையான அடி கொடுத்தது அந்த மாதிரிப் பெரிய வண்டி அல்ல. 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி 800 சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். பத்மினிக்காரர்கள் முதலில் அதைத் தீப்பெட்டி என்றார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்லிற்று. மாருதியும் கிட்டத்தட்ட 40 குதிரைச் சக்திதான், ஆனால் எடை 650 கிலோவுக்குள். பத்மினியில் ஒவ்வொரு குதிரையும் 22 கிலோ இழுக்க, மாருதியில் 17 கிலோகூட இல்லை. அரம் போட்டு, சீவி, தேய்த்து பத்து வருஷம் பட்டறையில் சம்பாதித்த லாபம், ஷோரூமிலிருந்து நேரே வந்த வண்டியில் இலவசமாக இருந்தது. சில சீசன்களிலேயே சின்னக் கார் ஓட்டங்கள் மாருதியின் கைக்குப் போயின. பிரீமியரும் 1985-ல் நிஸ்ஸான் என்ஜினோடு 118 என்.இ. விட்டது. அது ஓடிற்று, ஆனால் அது பத்மினி அல்ல.

ஒரு விஷயம் உறுத்துகிறது. தரை கியர் நல்லது, பிரேக் போதாது, என்ஜின் இன்னும் மூச்சு விடும் என்பதையெல்லாம் சோழவரத்துக்காரர்கள் சொந்தக் காசில் நிரூபித்துக் காட்டினார்கள். அதில் எவ்வளவு நம் டாக்சிக்கு வந்தது? அநேகமாக ஒன்றும் இல்லை. தொழிற்சாலையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எத்தனை கார் செய்யலாம் என்பது சர்க்கார் லைசென்ஸ். என்ன விலைக்கு விற்கலாம் என்பதும் வெகுகாலம் சர்க்கார் உத்தரவு. அந்த விலை வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1971-ல் தீர்ப்பாயிற்று. செய்த கார் அத்தனையும் செய்யுமுன்பே விற்றுப்போகும்போது நல்ல பிரேக் போட எந்த முதலாளிக்கு அவசரம்? தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஷிப்டுக்குப் போன தொழிலாளிக்கு அதில் சொல்ல இடமில்லை. போட்டி வந்து வண்டி தோற்றபோது வேலை போனது மட்டும் அவனுக்குத்தான்.

அதே மந்தமான அமைப்பு வேறு இடத்தில் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் ஏரியாகும்போது பத்மினி நிற்கும். எல்லா வண்டியும் நிற்கும். டிரைவர் வேட்டியையோ பேன்ட்டையோ சுருட்டிக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டுவார். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பும். எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைத்தது, எந்தப் பையனும் அதில் தொழில் கற்றுக்கொள்ள முடிந்தது. தொண்ணூறுகளில் இந்த ஊரில் ஓடிய அறுபதாயிரம் டாக்சியில் பெரும்பாலும் பத்மினியாக இருந்ததற்கு வேகம் காரணமல்ல.

சோழவரம் 1980-களோடு ஓய்ந்தது. கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் போட்டு 1990-ல் திறந்தது. அதற்குள் கோயமுத்தூர் கரிவர்தன், மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ‘பார்முலா மாருதி’ கார்களைக் கட்டியிருந்தார். அதில் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஆஸ்திரேலியாவில் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். இந்தியர்களில் அவர்தான் முதல் ஆள். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை, 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். பத்மினி என்ஜினை வைத்தும் முன்னாளில் சிலர் ஒற்றை இருக்கை ‘ஸ்பெஷல்’ கட்டி சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அந்த என்ஜின்களில் எத்தனை பிறகு டாக்சிக்குள் திரும்பப் போய், மாதுங்கா ரோடுகளில் மீட்டர் போட்டு ஓடியதோ, யார் கண்டது.