பசுவின் வயிறும் பட்டிப்பொங்கற் சோறும்

புத்தூரின் செம்மண் நிலத்திற் பெரும்பகுதி வெங்காயம், புகையிலை முதலிய தோட்டப் பயிர்களுக்கே பயன்படுகின்றது. மேய்ச்சல் குறைந்த இவ்விடத்திற் பசுக்கள் வைக்கோல், கிழித்த பனையோலை, பூவரசங்குழை, தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றாலே பேணப்படுகின்றன. மனிதர் செரிக்கவியலாத ஓலையும் வைக்கோலும் பாலாக மாறுவது எவ்வாறு?

நான்கு அறைகள்

பசு, எருமை, ஆடு என்பன இரைமீட்கும் விலங்குகள். இவற்றின் வயிறு நான்கு அறைகளை உடையது. இடப்புறத்தை நிரப்பிநிற்கும் முதலறை, பெரிய இனப் பசுக்களில் 100 லீற்றருக்கு மேற் கொள்ளும். விரைந்து விழுங்கிய தீன் இங்கே ஊறுகின்றது. இரண்டாம் அறையின் உட்சுவர் தேன்கூடு போன்றது. தீனுடன் சென்ற ஆணியும் கம்பியும் இதிலே தங்கி, சிலவேளை இருதயத்தையும் குத்திவிடும். ஊறிய தீன் கவளங்களாக வாய்க்கு மீண்டு அரைபடுவதே அசைபோடுதல். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் பசு இவ்வாறு அசைபோடும். அரைபட்ட தீன், மூன்றாம் அறையின் மடிப்புகளில் நீர் வற்றி, நான்காம் அறையை அடையும். மனித இரைப்பையைப் போன்று அமிலஞ் சுரப்பது இவ்வறையே. கன்று குடிக்கும் பாலிற் பெரும்பகுதி நேரே இதனைச் சேரும்.

நுண்ணுயிர்களின் தொழில்

வைக்கோலை உடைப்பது பசுவன்று. முதலறையில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களே. அவை உண்டாக்கும் அமிலங்களே பசுவுக்கு வேண்டிய சத்தியிற் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களும் செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. ஆகவே, பசுவுக்குத் தீனிடுபவர் முதலில் நுண்ணுயிர்களுக்கே தீனிடுகின்றார்.

மிகுசோற்றின் தீங்கு

தைப்பொங்கலுக்கு மறுநாளாகிய பட்டிப்பொங்கலன்று, அன்பு மிகுதியாற் பொங்கலும் பழமும் நிறைய ஊட்டுவோர் உளர். கலியாண வீட்டில் எஞ்சிய சோற்றை வைப்போரும் உளர். இவை முதலறையில் விரைந்து புளிக்க, தயிரைப் புளிக்கச் செய்யும் அமிலம் அளவின்றிப் பெருகும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். பசு தீன் வெறுக்கும், அசைபோடாது, வயிறு பொருமும், புளித்த நாற்றத்துடன் கழியும், தள்ளாடி வீழும். ஓரிரு நாளில் இறத்தலுங் கூடும். இக்குறிகள் தோன்றியவுடன் மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

கவனிக்கவேண்டியவை

1. பொங்கலைக் கைப்பிடியளவில் நிறுத்துக. வைக்கோலும் நீரும் வழமைபோல் இடுக.

2. புதிய தீனை 10 முதல் 14 நாள்களிற் சிறிது சிறிதாகக் கூட்டுக.

3. தீனில் ஆணி, கம்பி உளவோவெனப் பார்த்து இடுக.

4. இடப்பக்க விலாவின் பின்னுள்ள குழியிற் கையை அழுத்துக. நிமிடத்துக்கு ஒருமுறையேனும் வயிறு அசைதல் நலத்தின் அறிகுறி.